என் பெயர் இல்லாத பட்டியல்

எண்பதுகளின் கடைசியில், திருச்சியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் ஜன்னல் சீட்டும் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நான் ராணி. சென்டரில் இருந்தது ஒரே மெஷின். அதோடு இணைந்த, திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள எட்டு டெர்மினல்களில் எட்டுப் பேர் தட்டுவார்கள். மெஷின் எல்லாருக்கும் மாறி மாறி உழைக்கும்.

யார் அதை எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் எனக்குத் தனிப் பெருமை. 'பி.எஸ்.' என்று இரண்டு எழுத்தைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒருவர் கொடுக்கும் ஒரு கட்டளையிலிருந்து கிளைக்கிற வேலைகளுக்கெல்லாம் ஒரே குழு எண். ஒவ்வொரு குழுவும் எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி விழுங்குகிறது என்று கூட்டி, ஆள் பெயரோடு பட்டியல் போட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, அதை ஓடவிடுவது. பத்து விநாடிக்கு ஒருமுறை அது எல்லாரையும் எண்ணும். என் பெயர் மட்டும் பட்டியலில் வராது, நானேதான் நீக்கிவைத்திருந்தேன். காவல்காரனை யார் எண்ணுவார்கள்?

அந்த வருஷம் புது பேட்டரி வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம். "இனிமே கரெண்ட் போனாலும் கவலையில்ல. சாயங்காலம் மெஷினை அணைக்கவே வேணாம்" என்றார் துறைத் தலைவர். மூன்று வாரத்தில் மெஷின் நொண்ட ஆரம்பித்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுக் காபி குடித்து முடித்தால் அது திரையில் வந்திருக்கும்.

என் பட்டியலில் முதலிடம் மூன்று இறுதியாண்டு மாணவிகளுக்கு. வாழைத் தோப்புகளுக்கு முறை வைத்து வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துக்கொடுக்கும் புராஜெக்ட் அவர்களுடையது. வெள்ளிக்கிழமை செய்து காட்ட வேண்டும். தலைவர் பட்டியலைப் பார்த்தார். "இவங்கதான் மெஷினைக் கொல்றாங்க. நிறுத்திடுங்க. அடுத்த வருஷம் முடிச்சுக்கட்டும்" என்றார். ஒரு வருஷப் படிப்பு போகிற விஷயம். நான் சரி என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பெண்கள் அழுதார்கள். மூன்றாமவள் தொட்டியத்துக்காரி, அழவில்லை. பட்டியலை வாங்கி, விரல் வைத்து வரி வரியாகக் கூட்டினாள்.

"மேடம், எல்லாரையும் சேத்தாலும் மெஷினோட நேரத்துல பாதி கூட வரலையே. மிச்சத்தை யாரு எடுக்கறாங்க? உங்க பேரு ஏன் இதுல இல்ல?"

"நான் பாக்கறவ. என் பேரு எதுக்கு?" என்று எரிந்துவிழுந்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அவள் வாயை அடைப்பதற்காகவே என் பெயரையும் சேர்த்துப் புரோகிராமை ஓடவிட்டேன்.

திரை முழுக்க நான்தான். பத்தொன்பது குழுக்கள், பத்தொன்பதும் என் காவல் புரோகிராம். முன்பெல்லாம் மாலையில் மெஷினை அணைத்ததும் அதுவும் போய்விடும். பேட்டரி வந்தபின் மெஷின் அணையவே இல்லை. நான் லாக்அவுட் செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய பிறகும் அது எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் காலை, பழக்கதோஷம், இன்னொன்றை ஓடவிட்டிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

குழு எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவது போனதும் திரைக்கு உயிர் வந்தது. பத்தொன்பதாவது போனதும் விரலுக்கு முன்னால் எழுத்து ஓடியது. பெண்கள் தங்கள் புரோகிராமைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் விடை வந்துவிட்டது. மூவரும் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தலைவர் அறைக்கு நடந்த தூரம்தான் காவிரிப் பாலத்தைவிட நீளம். "சார், தப்பு அவங்க மேல இல்ல. என் மேல" என்று முழுவதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அவங்க நடத்தட்டும். லிஸ்ட்ல இனிமே முதல் பேரு உங்களோடதா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை புராஜெக்ட் அமர்க்களமாக நடந்தது. திங்கட்கிழமை தொட்டியத்துக்காரி வீட்டுத் தோப்பிலிருந்து ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்து, டெர்மினல் டெர்மினலாகப் போய்க் கொடுத்தாள். நான் கையை நீட்டினேன்.

"உங்களுக்குக் கடைசியாத்தான் மேடம். மூணு வாரமா நீங்க ஒருத்தர்தானே சாப்பிட்டீங்க!"

சென்டரே சிரித்தது. என் முறை வரும்வரை காத்திருந்து, மிஞ்சிய ஒரு பழத்தை வாங்கிச் சாப்பிட்டேன்.