மஞ்சள் கூடையில் கிடந்த மயில் சட்டை

என்னைத் திருடி ஆக்கியது நீ. வாயைத் திறக்காமலே ஆக்கினாய்.

ஒரே பனியன் கம்பெனியில், ஒரே செக்கிங் டேபிளில், நான்கு வருடம் எதிரெதிரே நின்று, தைத்து வந்த பீஸ்களில் குறை பார்த்தோம். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நீ பல்லடத்துக்காரி. சூப்பர்வைசர் உன்னைக் "கண்ணு" என்பார், என்னை "ஏம்மா" என்பார். நீ தாமதமாக வந்தால் "பஸ்ஸுல கூட்டமா கண்ணு?" என்று கேட்பார். நான் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

எண்ணெய்க் கறை பட்ட, ஓட்டை விழுந்த குழந்தைச் சட்டைகளை மஞ்சள் கூடையில் போடுவோம். சனிக்கிழமை சாயந்திரம் சூப்பர்வைசர் எடுத்துக்கொள்ளச் சொல்வார். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய் வார்த்தைதான். அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் பேக்கிங்குக்கு மாடி ஏறிவிட்டார்கள். நாம் இருவர்தான் இருந்தோம்.

"ரெண்டு பேரும் வேணுங்கறத ஊட்டுக்கு எடுத்துக்கங்க" என்றார் சூப்பர்வைசர்.

"அக்கா, இந்த மயில் போட்டது உங்க பாப்பாவுக்கு நல்லா இருக்குமுங்க" என்று நீயே எடுத்துக் கொடுத்தாய். நான் இரண்டு எடுத்தேன். நீ மூன்று.

கேட்டில் புது வாட்ச்மேன். என் பையை மட்டும் திறந்தான். "என்னம்மா இது?"

சூப்பர்வைசர் கொடுத்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "அவ பையையும் பாருங்க, மூணுல்லா வச்சிருக்கா!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் உன்னை மட்டும் கை காட்டினார். "இந்தக் கண்ணுக்கு நாந்தானுங்க குடுத்தேன். அவங்களுக்குச் சொன்ன ஞாபகம் இல்லீங்க."

"அடுத்தவளைக் காட்டிக் குடுக்கறா பாரு. கை சுத்தமா இருந்தா இப்படிப் பேசுவாளா?" என்றார் முதலாளி. நீ தரையைப் பார்த்தாய். திங்கட்கிழமை என் மேல் ஸ்டேஷனில் புகார்.

வக்கீலம்மா முழுவதும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அவளும் எடுத்தாங்கறது பதிலே இல்லம்மா. பொறுப்புல இருக்கறவர் எடுத்துக்கச் சொன்னார், அதை நம்பி எடுத்தேன், திருடற எண்ணம் எனக்கு இல்ல. அதுதான் பதில். அவர் சொன்னதைக் கேட்ட ஆள் யாராவது உண்டா?"

உண்டு. ஒரே ஒருத்தி. நான் யாரைப் பார்த்து நான்கு வருடம் வெந்தேனோ, அவள்தான்.

மயில் சட்டை இப்போது ஸ்டேஷனில் கிடக்கிறது. நீ எடுத்ததில் ஒன்றைப் போட்டுக்கொண்டு உன் பிள்ளை பஸ் ஸ்டாப்பில் நிற்பதை நேற்றுப் பார்த்தேன். கறை கூடத் தெரியவில்லை.

பொறாமையில்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். அதை நானே சொல்லிவிட்டேன். இனி நீ சொல். நாளைக்கு டீ மணி அடித்ததும், செக்கிங் டேபிள் முன்னால், சூப்பர்வைசரும் இருக்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல். அன்று அவர் "ரெண்டு பேரும்" என்று சொன்னாரா, இல்லையா?