சந்தைக்கு வந்த மருத்துவம்

கல்கத்தாவில் எல்லாவற்றுக்கும் ‘அஷுபிதா’தான். ஆட்டோக்காரரிடம் சில்லறை இல்லையென்றால் அஷுபிதா. மீன்காரருக்கு மழை வந்தால் அஷுபிதா. லேக் கார்டன்ஸில் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் மருமகள், “பாபாவுக்குக் கொஞ்சம் அஷுபிதா, பௌதி” என்று என்னை அண்ணி முறை வைத்துச் சொன்னாள். மறுநாள் அவர் இறந்துபோனார். நம் ஊரில் ‘சௌகரியமில்லை’ என்போமே, அதைவிட அகலமான சொல் இது. வந்து பல வருஷமாகியும் எனக்கு அதன் கரை தெரியவில்லை.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பாளையங்கோட்டையில் படித்த புள்ளியியல் வீணாக வேண்டாமென்று நான் டாலிகஞ்சில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. மேற்கே காட்டு மாவட்டத்தில் போலீசும் ஆயுதம் ஏந்தியவர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே கர்ப்பிணிகள் சுகாதார நிலையத்துக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: அஷுபிதா. “தூரம், சோம்பல், வேறென்ன?” என்றார்கள் அலுவலகத்தில். எங்கள் தலைவி மிதாலிதி மட்டும் திருப்தியில்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார்.

பூல்மணி அப்போது ஆறு மாத கர்ப்பிணி. முதல் குழந்தை வீட்டிலேயே பிறந்து, அன்றே இறந்திருந்தது. அவளும் அஷுபிதா என்றாள். எனக்குத்தான் பாஷை அரைகுறையாயிற்றே. “எனக்குப் புரியலம்மா. என்ன அஷுபிதா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆஸ்பத்திரி காம்பவுண்டிலேதான் போலீஸ் கேம்ப், தீதி. அங்கே போயிட்டு வந்தா, என்ன சொல்லிட்டு வந்தேன்னு காட்டுலேருந்து வந்து கேப்பாங்க. என் சித்தப்பாவை அப்படித்தான் கூட்டிட்டுப் போய்க் கேட்டாங்க. அவர் திரும்பலே.”

மிதாலிதி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரங்களில் மற்ற பெண்களிடமும், பேர் கேட்காமல், தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்டோம். ஊருக்கு ஊர் அதே பயம்தான் வெளிவந்தது.

மாவட்ட சுகாதார அதிகாரி, “விழிப்புணர்வு போதாது, போஸ்டர் ஒட்டலாம்” என்றார்.

“அவங்களுக்குத் தடுப்பூசி பேரெல்லாம் தெரியும், சார்” என்றார் மிதாலிதி. “வழிதான் இல்லை. வாரச்சந்தைக்கு எல்லாரும் வர்றாங்க, யாரும் யாரையும் கேக்கறதில்லை. நர்ஸை அங்கே உட்கார வையுங்க. ஆள் வரலேன்னா நாங்க சொன்னது தப்புன்னு நாங்களே எழுதித் தர்றோம்.”

அதிகாரி அரைமனதாக ஒப்புக்கொண்டார். முதல் சந்தையன்று ஒரு தாத்தா மட்டும் கண்ணுக்கு மருந்து கேட்டு வந்தார். யாராவது கவனிக்கிறார்களா என்று நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் பேச்சைக் கேட்டு இந்தப் பெண்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்தடுத்த சந்தைகளில் கத்தரிக்காய்க் கூடையோடு ஒருத்தி, கோழியோடு ஒருத்தி என்று வரத் தொடங்கினார்கள். பூல்மணியும் வந்தாள். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. நர்ஸ் அவளைச் சந்தையிலிருந்தே நேராக டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். வீட்டிலேயே பிரசவம் ஆகியிருந்தால் குழந்தையோடு தாயும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மழைக்காலம் முடிவதற்குள் மற்ற சந்தைகளிலும் நர்ஸ்கள் உட்கார்ந்தார்கள். சண்டை என்னவோ ஓயவில்லை.

பூல்மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது குழந்தையை என் மடியில் போட்டாள். “என் கண்ணே” என்றேன், என்னையறியாமல்.

“என்ன சொன்னீங்க?”

“சோக்” என்று வங்காளத்தில் சொல்லிக் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவள் பதறிப்போய்க் குழந்தையின் இமையை விலக்கிப் பார்த்தாள். “கண்ணுலே என்ன?”

“ஒண்ணுமில்லே, எங்க ஊர்ல அப்படித்தான் கொஞ்சுவோம்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

லேக் கார்டன்ஸில் பிறந்த என் மகன், நான் தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவான். இவளோ என் விரலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக் கிடந்தாள். ஜீப் ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்காமல், வருஷக்கணக்காக வாயில் வராதிருந்த செல்லப்பேர்களையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.