பரமேஸ்வரி அக்காவின் கனடா விசா

ஊர்காவற்றுறையில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் காதில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியார் காதில் விழுவதைவிட அதிகமான குடும்பக் கதைகள் விழும். கடவுச்சீட்டும் கையுமாக வரிசையில் நின்று வெறுத்துப்போன உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

போகும் நோக்கம்

பரமேஸ்வரி அக்கா அனலைதீவிலிருந்து முதல் படகில் வந்திருந்தார். ஒரே மகன் சுதன் கனடாவுக்குப் போய்ப் பதினாறு வருடம். தன்னைக் கூப்பிடச் சொல்லி எத்தனை தடவை கேட்டும் "பிறகு பாப்பம்" என்றே அவன் தள்ளிப்போட்டதால், அவனிடம் சொல்லாமல் தானே புறப்பட்டுவிட்டார்.

"நோக்கம் என்னெண்டு போடுறது அக்கா, சுற்றுலாவோ?" என்று கேட்டேன்.

"நான் என்ன இடம் பாக்கவே போறன்? அவன்ர முகத்தைப் பாக்கப் போறன். அதுக்கு என்ன பேரோ அதை எழுதும்."

திரும்பி வருவதற்கு ஆதாரம்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். போனவர் திரும்பி வருவார் என்று தூதரகம் நம்ப வேண்டும். அக்காவிடம் காணி உறுதிப் பத்திரம் இருந்தது. அது போதும் என்றேன். அவருக்குப் போதவில்லை.

"புகையிலை நட்டுக் கிடக்கு. பசு கண்டு போடுற நாள். அதை விட்டிட்டு ஆரும் கனடாவில குந்திக்கொண்டிருப்பினமோ? அதையும் எழுதும் தம்பி."

அழைப்புக் கடிதம்

மகனின் கடிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. என் கைபேசியில் சுதனை அழைத்து, அக்காவும் மகனின் குரலைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எதிரே இருப்பதைச் சொல்லாமல், அம்மாவின் விசாவுக்குக் கடிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அண்ணை, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஷெல் விழுந்து அம்மாவும் செத்திட்டா, ஊரில எனக்கு ஒருதரும் இல்லையெண்டு சொல்லித்தான் அகதியாப் பதிஞ்சனான். இப்ப எப்பிடி அவவைக் கூப்பிடுறது? பொய்யெண்டு தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

கிழித்த படிவம்

எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. பொய் சொன்னதற்காக அல்ல. அவன் இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் தாயைக் காக்க வைத்ததற்காக.

அக்கா கைபேசியைத் தன் பக்கம் இழுத்து, "சுதன்" என்றார். அந்தப் பக்கம் அவன் விம்மத் தொடங்கினான்.

"அழாத மோனை. நான் செத்ததாலதானே நீ இருக்கிறாய். அப்பிடியே இருந்திட்டுப் போறன்" என்றவர், என்னிடம் திரும்பினார். "உந்தப் படிவத்தைக் கிழியும் தம்பி."

தூதரகம் விசா மறுத்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். விசாவைத் தானே மறுத்துவிட்டு மத்தியானப் படகுக்கு எழுந்து போனவர் பரமேஸ்வரி அக்கா ஒருவர்தான்.