துரை சலூனில் ஒரு பீச்சாங்கை

கேளம்பாக்கத்தில் சலூன் வைத்திருக்கும் துரைக்கு, மூளை ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு கையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஆகிவிட்டன.

அதற்கு முன்னால் வலிப்பு. நின்ற வாக்கிலேயே சாய்வார். இரண்டு தடவை கண்ணாடியோடு சேர்ந்து விழுந்திருக்கிறார். மூளையின் இரண்டு பாதியையும் சேர்க்கிற நரம்புக் கட்டை அறுத்துவிட்டால் வலிப்பு அந்தப் பக்கம் தாவாது என்றார்கள். அறுத்தார்கள். விழுவது நின்றது. ஆனால் சோத்தாங்கை சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே போக, பீச்சாங்கை பின்னாலேயே கழற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் அதை ஓங்கி அடித்தார். வலித்ததும் அவருக்குத்தான்.

டாக்டர் வசுமதி துணிக்கு அடியில் அந்தக் கையில் ஒரு சீப்பைக் கொடுத்து, "இது என்ன துரை?" என்றார்.

"தெரிலம்மா. மரத்துப்போச்சு."

கட்டைவிரல் மட்டும் சீப்பின் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.

"இந்தக் கை வலது மூளையோட ஆளு. அதுக்குத் தெரியுது, சொல்ல வாய் இல்ல. பேசறது இடது மூளை. தெரியாததுக்கும் அதுவே ஒரு காரணம் சொல்லிடும்."

மூன்று மாசம் கழித்து சலூனைத் திறந்தார். பெஞ்சில் உட்கார்ந்த மனைவி சின்னப்பொண்ணு சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு ஷேவிங். கை கோணலா போச்சுன்னா பூட்டிட்டு சாவிய ஓனராண்ட குடுத்துடலாம்."

யார் கழுத்தைக் கொடுப்பது? ஷேர் ஆட்டோ ஓட்டும் கலையரசன்தான் வந்து உட்கார்ந்தான்.

"பாத்து அண்ணாத்த. எனக்கு ஒரு கழுத்துதான் கீது."

நுரை போட்டாயிற்று. பீச்சாங்கை தோலை இழுத்துப் பிடிக்க, சோத்தாங்கை கத்தியை இறக்கியது. இருபது வருஷப் பழக்கம். சண்டை இல்லாமல் கன்னம் முடிந்தது. துரைக்கு மூச்சு வந்தது. கழுத்துக்கு இறங்கினார். சட்டென்று பீச்சாங்கை தோலை விட்டுவிட்டு, சோத்தாங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கத்தி அந்தரத்தில் நின்றது.

சின்னப்பொண்ணு எழுந்துவிட்டாள்.

"இன்னாச்சு?"

"பிளேடு மழுங்கிடுச்சு," என்றார் துரை.

"இப்பதானே புச்சு போட்ட?" என்றான் கலையரசன்.

கத்தி நின்ற இடத்தில் அவள் துண்டால் நுரையைத் துடைத்தாள். தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி.

"அய்யய்யோ, ரெண்டு மாசமா கீது. சொல்ல மறந்துட்டேன் அண்ணாத்த!"

பீச்சாங்கை விரல் தடவித் தெரிந்துகொண்டது, வாய்க்கு வந்து சேரவேயில்லை. மணிக்கட்டை அது இன்னும் விடவில்லை. அன்றைக்குத் தான் ஓங்கி அடித்த அந்தக் கையைத் துரை பார்த்தார். பிறகு பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "செரி. அங்க போவல. வுடு."

விட்டது.

கட்டியைச் சுற்றி, மீதித் தாடியை எடுத்து முடித்தார். சின்னப்பொண்ணு சாவியை ஆணியில் மாட்டினாள்.