ராட்சதனுக்குக் கிடைத்த மன்னிப்பு

இன்று கல்கத்தா கிடர்பூர் ஆபீஸிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் எங்கள் மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் போனில் மந்திரவாதிகளும் ராட்சதர்களும் உலவும் விளையாட்டு.

“இந்த ராட்சதன் ரொட்டி திருடிட்டான், ராமன். போன தடவை தலையை வெட்டினேன். ஊர்ல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசல. அதான் திரும்ப முதல்லேருந்து ஆடறேன். என்ன பண்ணலாம்?”

“புள்ளகுட்டிக்காரன் போல இருக்கு. விட்டுடுங்க சார்.”

விட்டுவிட்டார். ஊரே கூடிக் கும்பிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல நேரம் என்று நினைத்து, “சார், என் விசாகப்பட்டினம் மாற்றல்... பொண்ணு பன்னிரண்டாவது படிக்கறா. பரீட்சை முடியறவரைக்கும்...” என்றேன்.

“நான் கையெழுத்துப் போட்டாச்சே, ராமன். போட்டதை எப்படி மாத்தறது?”

லேக் கார்டன்ஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டேன்.

அந்த ராட்சதன் ஊரில் வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும்.