மெல்லாத வெற்றிலை

என் மகளைப் பேசி முடிக்க வந்த சம்பந்தி, தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். என் கண் அவர் கையையே தொடர்ந்தது.

எழுபதுகளில், இலங்கையில் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், அக்காவின் வருங்கால மாமனார் ஒரு மழைநாளில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். அவர் வெற்றிலை போட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. போடாமல் எழுந்தால் முறிந்தது என்று அர்த்தம். அம்மா தட்டை நகர்த்தினாள்.

"போடுங்கண்ணே."

காம்பைக் கிள்ளினார். நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவினார். கதவுக்குப் பின்னால் அக்காவின் விரல்கள் என் தோளில் இறுகிக்கொண்டே போயின. பாக்கை வைத்து மடித்து, வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"எங்களுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருச்சு தங்கச்சி. நீங்க இங்கயே இருக்கப் போறீங்க. பொண்ணைக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போனா, அப்பறம் நீங்க எப்படிப் பாப்பீங்க?"

மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகும் அதை யாரும் தொடவில்லை. அக்காதான் வந்து எடுத்தாள். தன் வாயில் போட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் மென்றாள்.

வாசலில் சம்பந்தி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். வெற்றிலை அவர் கையிலேயே இருக்கிறது.