பிரேசிலிலிருந்து வந்த வீட்டுக்காரர்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, முன்பின் அறியாத ஒரு மனிதர் எங்கள் வாசலில் நின்று, இது தன்னுடைய வீடு என்று சொன்னார். அப்பா அதற்கு ஓம் என்று தலையாட்டினார்.

அப்பா ஓம் என்றதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிவந்தார். நொஷாட்டல் ஏரிக்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. பிரெஞ்சில் யார் எதைக் கேட்டாலும் முதலில் 'உய்' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை என்னிடம் ஒப்பித்து, தான் எதற்குச் சம்மதித்தேன் என்று கேட்பார். இப்படித்தான் ஒருமுறை ஊர்ப் பாடகர் குழுவில் சேர்ந்து, இரண்டு மாதம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்.

ஏரிக்கு மேலே, திராட்சைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் இருந்த அந்தச் சிறிய ஊரில் நாங்கள் மட்டும்தான் தமிழ்க் குடும்பம். வாடகைக்கு இருந்தது பழைய கல்வீடு. சுவர்கள் எவ்வளவு தடிப்பென்றால், யன்னல் குந்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். வாசல் நிலைக்கு மேலே கல்லில் இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும் செதுக்கப்பட்டிருந்தன. குசினிச் சுவரில் முன்பு எதற்கோ விட்ட ஒரு மாடக்குழியில் அம்மா முருகன் படத்தை வைத்திருந்தார்.

அந்த வருடம் மே மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். எதிர் வீட்டில் தனியாக இருந்த நல்ல மனிதர். அன்று தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் இந்த ஊரிலிருந்து சில குடும்பங்கள் பிரேசிலுக்குப் போய், அங்கே மலைப்பக்கம் காடு வெட்டிக் குடியேறினவாம். அவர்களுடைய வழிவந்தவர்கள் சிலர் ஜூன் மாதம் ஊர் பார்க்க வருகிறார்களாம். பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்ததில், ஒரு குடும்பம் விட்டுப்போன வீடு நாங்கள் இருக்கும் வீடுதானாம். பதினொரு மணிக்கு கொம்யூன் என்கிற ஊர்ச் சபையின் மண்டபத்தில் வரவேற்பு, வாத்தியக் குழு, பேச்சு. பிறகு அரை மணித்தியாலம் வீட்டைக் காட்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் தொப்பி வேகமாகச் சுற்றியது. அன்றைக்கு நாங்கள் மூவரும் ஏரியில் படகில் சுற்றி வந்தால் நல்லது, சீட்டுகளை அவரே எடுத்திருக்கிறார். தொலைக்காட்சியையும் சோபாவையும் அறைக்குள் தள்ளிவிட்டு, தன்னிடமிருக்கும் பழைய மேசையையும் செப்புப் பானையையும் வைப்பார். வருகிறவர்கள் வீட்டை அந்தக் காலத்தில் இருந்ததுபோலப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா 'உய்' என்றார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். வீட்டுக்காரர் போய்க் கதவு சாத்தும் வரை அம்மா பொறுத்திருந்தார்.

"எங்கட வீட்டுக்கு ஆக்கள் வருகினம். நாங்கள் பூட்டிப்போட்டு வள்ளத்தில போறதோ?"

"எங்கட வீடு இல்லையப்பா. வாடகை வீடு."

"அடுப்பெரிக்கிறது ஆர்? நான்தானே."

அப்பாவுக்கு வேறு கவலை இருந்தது. எங்களுடைய வதிவிட அனுமதியை மாற்றக் கேட்டு அப்பாவும் அம்மாவும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கொம்யூனில் நல்ல பெயர் வேண்டும். இந்த வீடு போனால் அந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. இதையெல்லாம் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துத்தான் அவர்கள் கதைப்பது வழக்கம் என்பதால், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். போகலாம், ஆனால் வருகிற சனத்துக்குத் தின்ன ஏதாவது மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார்.

அதனால் அந்தச் சனிக்கிழமை மேசையில் ஒரு பட்டர் கேக்கும் முப்பது ரோல்ஸும் வெள்ளைத் துணியால் மூடியிருந்தன. படகில் எங்களுக்குச் சாப்பிட, மரவள்ளிக்கிழங்கை அவித்து, காய்ந்த மிளகாயில் கட்டுச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார் அம்மா. அப்பா வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, படகுச் சீட்டுகளை மூன்றாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தார். மணி எட்டரை. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

நான் திறந்தேன். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பருமனான மனிதர். பூப்போட்ட சட்டை. அவருக்குப் பின்னால், அவரைப் போலவே மூக்குள்ள ஒரு வயதான பெண், அவருடைய அக்கா. இருவரும் வாசலுக்கு மேலே செதுக்கியிருந்த எழுத்துகளையும் கையிலிருந்த ஒரு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்து, பாடமாக்கிக்கொண்டு வந்த ஒரேயொரு பிரெஞ்சு வசனத்தைச் சொன்னார். "இது என் வீடு."

நான் உள்ளே திரும்பிக் கத்தினேன். "அப்பா, ஆரோ வந்து இது தன்ர வீடெண்டு சொல்லுறார்."

அப்பா வந்தார். படகுச் சீட்டுகள் கையிலேயே இருந்தன. அந்த மனிதர் இன்னொரு தடவை சொன்னார். அப்பா 'உய்' என்றார்.

"என்னத்துக்கு ஓம் எண்டு சொல்லுறியள்?" அம்மா உலக்கையும் கையுமாகக் குசினியிலிருந்து வந்துவிட்டார்.

இருவரும் தங்களுக்குள் பேசத் தொடங்கியபோது அந்த மொழி எனக்குப் பிடிபட்டது. என் வகுப்புத் தோழி இனேஸின் வீட்டில் பேசுகிற போர்த்துக்கீசம். ஓடிப்போய் அவளை இரவு உடுப்போடு இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் போர்த்துக்கீசத்தைப் பிரெஞ்சாக்கினாள். நான் பிரெஞ்சைத் தமிழாக்கினேன். பதினொரு மணி வரை பொறுத்திருக்க அக்காவால் முடியவில்லையாம். அவர்கள் ஐந்து மணிக்கே எழும்பி முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அம்மா உலக்கையை வைத்துவிட்டு, "அப்ப பசியோடதானே வந்திருக்கினம். உள்ளுக்கு வரச் சொல்லு பிள்ளை" என்றார்.

அப்பா சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முதல் படகு ஒன்பது மணிக்கு. அதற்குப் பிறகு அவர் மணி பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அக்காவின் தம்பியான அந்த மனிதர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா மாடக்குழியிலிருந்த முருகனைப் பார்த்து, தயங்காமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு மூக்கை உயர்த்தினார். மேசையிலிருந்த கேக்கைத் தாண்டிப் போய், அடுப்பிலிருந்த பானையின் மூடியைத் திறந்து, "மண்டியோக்கா" என்றார். தம்பியும் ஓடிவந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார்கள். பிரேசிலில் மரவள்ளிக்கிழங்குக்கு அதுதான் பெயர் என்று இனேஸ் சொன்னாள்.

எங்களுடைய படகுச் சாப்பாடு அந்த இடத்திலேயே பங்கிடப்பட்டது. சோபாவில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்து, கையால் கிழங்கை உடைத்துச் சம்பலில் தொட்டுத் தின்றார்கள். சம்பல் உறைத்து அக்காவுக்குக் கண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே தம்பி தங்கள் கதையைச் சொன்னார். அவர்களுடைய முன்னோர்கள், தாய், தகப்பன், ஐந்து பிள்ளைகள், இந்தக் குசினியில்தான் வாழ்ந்தார்கள். ஒரு வருடம் கோடை வரவே இல்லை. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. ஊர் ஒரு பட்டியல் எழுதியது, யார் யாருக்குச் சோறு போட முடியாது என்று. அந்தப் பட்டியலில் இருந்தவர்களைத்தான் பிரேசிலுக்கு அனுப்பினார்கள். கப்பலில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டன. இறங்கிய இடத்தில் பதிவு எழுதியவர் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். அன்றிலிருந்து அவர்களுடைய குடும்பப் பெயரே வேறு.

அப்பா இந்த இடத்தில் கையை உயர்த்தினார். எங்கள் கதையையும் சொல்லச் சொன்னார். இங்கே எழுதியவர், அப்பாவுடைய தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். அதனால் தபால்காரர் முதல் வைத்தியர் வரை எல்லோரும் அம்மாவை 'மடாம்' என்று தொடங்கி, மாமனாரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இது இரண்டு மொழி கடந்து போய்ச் சேர்ந்ததும் அக்கா சோபாவில் சாய்ந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அந்த விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு அங்கே என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த நிலம் வெறும் பாறையும் காடும். தகப்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தாய் வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு அயலிலிருந்த ஒரு பண்ணைக்குப் போனார். அங்கே ஒரு பெண் கிழங்கைப் பிடுங்கி, எது நஞ்சு, எது தின்னலாம், எப்படி அவிப்பது என்று காட்டினாள். அந்தப் பெண் யார் என்று இனேஸ் பிரெஞ்சில் சொன்ன சொல் எனக்குத் தெரியும். அதற்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை.

"சம்பளம் இல்லாமல் வேலை செய்யிற அன்ரி" என்றேன்.

"ஏன் சம்பளம் இல்லை?"

"அவவை வாங்கி வைச்சிருந்தவையாம்."

அம்மா கிழங்கைக் கோப்பையில் வைத்துவிட்டார். அவளுடைய பெயர் என்ன என்று கேட்கச் சொன்னார். தம்பி தலையை ஆட்டினார். கப்பலின் பெயர் தெரியும், அதில் வந்த எல்லோருடைய பெயரும் தெரியும், அவளுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வீட்டுச் சொந்தக்காரர் செப்புப் பானையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மண்டபத்தில் காத்திருக்க வேண்டிய விருந்தாளிகள் தொலைக்காட்சிக்கு முன்னால், விரல்களில் சம்பலோடு இருந்தார்கள். அப்பா எழும்பி நின்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் போய்விட்டது என்பது எனக்கு விளங்கியது. ஆனால் அக்கா முந்திக்கொண்டார். பானையை வாங்கி மூலையில் வைத்து, வீட்டுக்காரரை அமுக்கி உட்கார்த்தி, அவர் கையில் ஒரு துண்டு கிழங்கைக் கொடுத்தார். அவர் அதைச் சப்பிக்கொண்டு, பட்டியல் கதையை இனேஸிடம் மறுபடி கேட்டார். ஊரில் எல்லோரும், அந்தக் குடும்பத்தவர்கள் துணிச்சலோடு தாமாகவே போனார்கள் என்றுதான் சொல்வார்களாம். பட்டியல் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. இன்னொரு துண்டு எடுத்தார்.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் கீழே இறங்க மறுத்துவிட்டார்கள். ஆகவே வரவேற்பு மேலே வந்தது. வாத்தியக் குழு எங்கள் சரிவில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறி, வாசலில் நின்று ஊதியது. கொம்யூன் தலைவர் துணிச்சலான முன்னோடிகளைப் பற்றிப் பேசினார். தம்பி மரியாதையோடு கேட்டுக்கொண்டு வயிற்றைத் தடவினார். முப்பது ரோல்ஸும் பத்து நிமிடத்தில் முடிந்தன. புகைப்படம் எடுக்கும்போது தலைவர், 'இந்த வீட்டுக் குடும்பம் நடுவில் நிற்கட்டும்' என்றார். இரண்டு குடும்பங்களும் நடுவுக்கு வந்தன. தலைவர் ஓரமாக விலகி இடம் விட்டார். அந்தப் படம் இன்றும் கொம்யூன் மண்டபத்துச் சுவரில் இருக்கிறது. அதில் அம்மாவின் கையைப் பிடித்திருப்பவர் அந்த அக்கா.

பிற்பகலில் அவர்கள் புறப்பட்டார்கள். தம்பி வாசலில் நின்று அப்பாவிடம் ஏதோ கேட்டார். இனேஸ் என்னிடம் சொன்னாள். நான் அப்பாவிடம் கேட்டேன்.

"ஊரில உங்கட வீட்டில இப்ப ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறார்."

"ஆமிக்காரர்" என்றார் அப்பா. "இருபது வருசமா."

ஆமிக்காரரை எனக்குத் தெரியும். இங்கே வெள்ளிக்கிழமை மாலை ரயில்களில் இராணுவ உடுப்பும் பெரிய பைகளுமாக வருவார்கள். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காலை நீட்டித் தூங்குவார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவர் தன்னுடைய சொக்லேட்டில் பாதியை எனக்குத் தந்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இருபது வருடமாக எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது நல்ல ஏற்பாடாகத்தான் எனக்குப் பட்டது. அப்பா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் இனேஸுக்குச் சொன்னேன். அதனால் அங்கே கள்ளர் வர முடியாது என்பதையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

தம்பியின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. அவர் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்க எங்களுக்கு ஒன்றுமே இல்லாமல் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். நாங்கள் இருவரும் அவ்வளவு திறமாக மொழிபெயர்த்ததால்தான் அவர்களுக்கு இனிக் கதைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது என்று நான் நினைத்தேன். இனேஸைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பெருமையோடு என் விலாவில் மெல்ல இடித்தாள்.